பிள்ளை குப்புறக் கிடந்தால்தான் நித்திரை கொள்கிறான், மாமி விடுகிறா இல்லை. என்ன செய்ய?

வட்டக்கச்சிக்காரி (செவ்வாய், இரவு 11.52)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிள்ளை. மகன், இன்றைக்கு 7 கிழமையும் 2 நாளும். எந்த நேரமும் எழும்பிவிடுவான், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்: பகலோ இரவோ, நித்திரைக்கு நிமிர்த்தித்தான் கிடத்த வேண்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் நிமிர்த்திக் கிடத்தினால் இருபது நிமிடத்தில் கையை உதறித் திடுக்கிட்டு எழும்புவான். மாமி எடுத்துக் குப்புறப் போட்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் இரண்டு மணித்தியாலம் அசையமாட்டான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் குப்புறக் கிடப்பான். திருப்பிவிட்டால் மாமிக்குக் கோபம். “அஞ்சு பிள்ளை வளர்த்தனான், எனக்கு நீ படிப்பிக்கிறியோ?”

அதோடு இவன் பால் கக்குகிறவன். குடித்துக் கொஞ்ச நேரத்தில் தயிர் மாதிரி வாயோரத்தால் வரும். நிமிர்ந்து கிடந்தால் அது புரைக்கேறிவிடும் என்கிறா மாமி. பேப்பரில் வந்த ‘பால் புரைக்கேறிச் சிசு பலி’ செய்தி ஒன்றை வெட்டிச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறா. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

நேற்று மத்தியானம் உடுப்புக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், குப்புறக் கிடந்த பிள்ளையின் முகம் இலவம்பஞ்சுத் தலையணி ஓரத்தில் பாதி புதைந்து கிடந்தது. தூக்கினேன், சிணுங்கினான், ஒன்றுமில்லை. ஆனால் அவன் மூக்கு இருந்த இடத்தில் தலையணி உறை ஈரமாக இருந்தது, ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு வட்டம். பால் இல்லை, வீணீரும் இல்லை. அந்த வட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை. இரவு முழுக்க அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மல்லாவியான் (புதன், 12.20)

தங்கச்சி, பயப்படாதீர்கள். நாங்கள் எல்லாம் குப்புறக் கிடந்து வளர்ந்த ஆட்கள்தான், ஒன்றும் நடக்கவில்லை. இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடந்த காலத்தில் எந்த மிஸ் வந்து நிமிர்த்து, கவிழ் என்று சொன்னது? இந்தத் தொட்டில் மரணம், அதுதான் பிள்ளை காரணம் தெரியாமல் நித்திரையில் திடீரென்று சாவது, வெள்ளைக்காரர் தனி அறையில் பிள்ளையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவதால் வந்த வருத்தம். மாமி ஐந்து பேரை வளர்த்திருக்கிறா, அவ சொல்வதைக் கேளுங்கள்.

குளக்கட்டு (புதன், காலை 5.40)

மகள், நான் ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. முல்லைத்தீவுப் பக்கமும் கிளிநொச்சிப் பக்கமும் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகத் திரிந்தவள். முதலில் அந்த ஈர வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அது அவன் விட்ட மூச்சு. மெத்தென்ற துணியில் முகம் புதைந்தால் விட்ட மூச்சு வெளியே போகாமல் அங்கேயே தேங்கும். அதையே திரும்ப இழுப்பான். இழுக்க இழுக்க ஒட்சிசன் குறையும், காபனீரொட்சைட்டு கூடும். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் தலையைத் திருப்பும், இல்லாவிட்டால் விழித்து அழும். சில பிள்ளைகளுக்கு மூளையின் அடித்தண்டில் இருக்கிற அந்த ‘எழும்பு’ மணி சரியாக அடிக்காது. எந்தப் பிள்ளைக்கு அடிக்காது என்று முன்கூட்டிப் பார்க்க ஒரு சோதனையும் இல்லை. கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு அழகாக ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மூன்று வட்டமாகப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று, உள்ளுக்குள் அப்படி ஒரு குறை உள்ள பிள்ளை. இரண்டு, வயது. தொட்டில் மரணம் என்கிற இந்தத் திடீர் மரணங்கள் கூடுதலாக நடப்பது 2 முதல் 4 மாதத்துக்குள், பத்தில் ஒன்பது 6 மாதத்துக்கு முன். மூன்று, வெளியிலிருந்து வரும் நெருக்கடி: குப்புறக் கிடை, தலையணி, வெக்கை, புகை. மூன்றும் ஒரே நேரத்தில் சேரும்போதுதான் அந்தப் பிள்ளை போகிறது. முதல் இரண்டில் நமக்குக் கை இல்லை.

குப்புறக் கிடந்தால் நல்ல நித்திரை என்று மாமி சொல்வது பொய் இல்லை. அந்த ஆழம்தான் எனக்குப் பயம். நிமிர்ந்து கிடக்கிற பிள்ளை கையை உதறி எழும்புவது உமக்குத் தொல்லை, அவனுக்குக் காவல்.

இப்போது பால். உமது தொண்டையைத் தொட்டுப் பாரும். முன்னால் கட்டியாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழாய். அதற்குப் பின்னால், முள்ளந்தண்டுப் பக்கமாக, உணவுக்குழாய். பிள்ளை நிமிர்ந்து கிடந்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கின பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும். வாய்க்கால் தண்ணீர் தானாக மேட்டுக்காணிக்கு ஏறுமா? கவிழ்த்துப் போட்டால் மேடு பள்ளமாகிவிடும். கக்குகிற பிள்ளைக்கும் நிமிர்ந்த கிடைதான். விழுங்குகிற, இருமுகிற பழக்கத்தோடுதான் பிள்ளை பிறந்திருக்கிறது.

நான் தாய்மார் வகுப்பில் பப்பாசி இலைக்காம்பு இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நூலால் கட்டிக்கொண்டு போவேன். மேல் காம்பு மூச்சு, கீழ்க் காம்பு பால். அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மாமிக்கும் செய்து காட்டும். ஆனால் படிப்பிக்கிற குரலில் வேண்டாம்.

இன்னொன்று. இரவில் உம்மோடு நிமிர்ந்து, பகலில் மாமியோடு குப்புற என்று மாறி மாறிக் கிடத்துவதுதான் மிக மோசம். நிமிர்ந்தே பழகின பிள்ளையைத் திடீரென்று குப்புறப் போட்டால், எப்போதும் குப்புறக் கிடக்கிற பிள்ளையை விடவும் ஆபத்துக் கூட என்று நியூசிலாந்தில் கண்டிருக்கிறார்கள். அதற்குத் தலையைத் தூக்கித் திருப்புகிற பழக்கம் இராது. ஆகவே வீட்டில் பிள்ளையைத் தூக்குகிற எல்லாருக்கும் ஒரே சட்டம்.

பக்கவாட்டில் கிடத்தலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர். வேண்டாம். அரைத் திருப்பத்தில் குப்புற விழுந்துவிடும்.

வட்டக்கச்சிக்காரி (புதன், காலை 6.15)

அம்மா, நன்றி. வளவில் பப்பாசி நிற்கிறது. மாமி கோயிலால் வரட்டும்.

ஸ்காபரோ மச்சாள் (புதன், காலை 8.05)

மல்லாவித் தம்பிக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் ஆதியிலிருந்தே பிள்ளையைக் குப்புறப் போட்டவர்கள் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்த ஒரு பிள்ளை வளர்ப்புப் புத்தகம் 1950களின் கடைசியில் குப்புறப் போடச் சொன்னது. ஏன் தெரியுமா? நிமிர்ந்து கிடந்தால் சத்தி எடுக்கும்போது புரைக்கேறுமாம்! உங்கள் மாமி சொல்லுகிற அதே காரணம். யாரும் கணக்குப் பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொன்னார்கள். நெதர்லாந்தில் 1970களில் குப்புற என்று மாறினார்கள், தொட்டில் மரணம் ஏறியது. 1987இல் அங்கேயே, வேண்டாம், திருப்புங்கள் என்றார்கள். அதே காலத்தில் நியூசிலாந்தில் பெரிய ஆய்வு நடந்தது. 1991 கடைசியில் இங்கிலாந்தும், 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் குப்புற வேண்டாம் என்று சொன்னார்கள். 1994இல் அமெரிக்கா முழுவதும் பெரிய பிரசாரம்.

1990இல் அமெரிக்காவில் ஒரு இலட்சம் பிள்ளைக்கு 130 அளவில் இந்தத் திடீர் மரணம். பத்து வருடத்தில் பாதிக்கும் குறைவு. ஒரு மருந்து இல்லை, ஊசி இல்லை, பிள்ளையைத் திருப்பிப் போட்டதுதான். 2005இல் சிலர் பழைய ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, 1970 அளவிலேயே இது தெரிய வந்திருக்க வேண்டும், தெரிந்திருந்தால் பல பத்தாயிரம் பிள்ளைகள் பிழைத்திருக்கும் என்று எழுதினார்கள். அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. 1985இல் ஹொங்கொங்கில் இந்த மரணம் மிக அரிது என்று ஒரு மருத்துவர் எழுதினார். அங்கே சீனர் பிள்ளையை வழமையாக நிமிர்த்திக் கிடத்துவார்கள், கூட்டம் கூட்டமாக ஒரே அறையில் இருப்பார்கள். என் அம்மம்மாவும் பன்பாயில் பழைய சேலையை மடித்துப் போட்டு நிமிர்த்தித்தான் கிடத்துவா. எங்களிடம் இருந்ததை விட்டுவிட்டு அவர்கள் கைவிட்டதை எடுத்திருக்கிறோம் போல.

என் பிழையையும் சொல்கிறேன். போன வருடம் தங்கச்சி மகளுக்கு அனுப்பிய பார்சலில் தொட்டிலைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சுத் தடுப்பும், குழந்தை சாய்ந்து கிடக்கிற ஒரு மெத்தைக் கூடும் வைத்து அனுப்பினேன். வடிவாய் இருந்தது, வாங்கினேன். 2022இல் அமெரிக்காவில் அந்தப் பஞ்சுத் தடுப்பையும் சாய்வுப் படுக்கையையும் விற்கக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. போன் எடுத்து எறியச் சொன்னேன். அவ எறியவில்லை, பூனை கிடக்கிறது.

மல்லாவியான் (புதன், காலை 9.30)

அக்கா, பூனைக்கு ஒன்றும் ஆகவில்லைத்தானே :)

சரி, குப்புறக் கதையை விடுங்கள். 2ஆம் மாதம் ஊசி போட்ட இரவு பிள்ளை செத்த கதை எங்கள் பக்கம் எத்தனை இருக்கிறது? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டீர்கள்.

இரவு டியூட்டி (புதன், பிற்பகல் 2.10)

நான் திறக்கிறேன், அண்ணை. பிள்ளைகள் வோட்டில் தாதி உத்தியோகத்தன். இலங்கையில் அந்த ஐந்து நோய்த் தடுப்பூசி 2008 ஜனவரியில் வந்தது. சில மரணங்கள் அறிவிக்கப்பட்டதும் அதே வருடம் ஏப்ரலில் அரசாங்கமே நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ஒவ்வொரு மரணத்தையும் பார்த்தார்கள். ஊசிதான் காரணம் என்று காட்ட முடியவில்லை, 2010இல் திரும்பத் தொடங்கினார்கள். மறைத்த கதை இல்லை. அந்த வருடங்களில் வன்னியில் நாங்கள் எந்தப் பேப்பரை வாசித்தோம், அதுதான் இங்கே கதையாக மட்டும் வந்து சேர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். ஊசி 2, 4, 6ஆம் மாதங்களில். திடீர் மரணம் உச்சத்தில் இருப்பதும் 2 முதல் 4 மாதம். இரண்டும் ஒரே கிழமையில் விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஊசி போட்ட பிள்ளைகளையும் போடாத பிள்ளைகளையும் ஒப்பிட்டால், போட்ட பிள்ளைகளிடம்தான் இந்த மரணம் குறைவு. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஊசி போட்ட இரவு பிள்ளை அனுங்கும். “நல்லாய் நித்திரை கொள்ளட்டும்” என்று அன்றைக்கு மட்டும் குப்புறப் போட்டு, காய்ச்சல் என்று போர்வையால் சுற்றிவிடுவார்கள்.

குறைமாதப் பிள்ளை பெற்ற தாய்மார் ஒரு கேள்வி கேட்பார்கள்: “உங்கட வோட்டில் குப்புறத்தானே வச்சிருந்தனீங்கள்?” ஓம், வைப்போம். மூச்சுத் திணறுகிற சின்னப் பிள்ளைக்கு அது உதவும். அங்கே காலில் ஒட்சிசன் அளக்கிற வயர், இரண்டடி தள்ளி நாங்கள், இரவு முழுக்க மணி அடிக்கிற மெஷின். வீட்டில் அது எதுவும் இல்லை. குறைமாதப் பிள்ளைக்கு இந்த ஆபத்துக் கூடவும் செய்யும். அதனால்தான் வீட்டுக்கு விடும் முன்னமே நிமிர்த்திப் பழக்குவது.

முத்தையன்கட்டு (புதன், இரவு 10.47)

இதை எழுதுவதா விடுவதா என்று பின்னேரத்திலிருந்து யோசித்தேன்.

பேப்பர்ச் செய்தி என்று தங்கச்சி எழுதியதால் எழுதுகிறேன். என் சொந்தத் தங்கை. அவளுடைய மூத்த பிள்ளை, பெண், 3 மாதமும் 11 நாளும். மாசி மாதம், காலபோக அரிவுவெட்டு. வயலில் நிற்கிற ஆட்களுக்குச் சமைக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏவறை எடுக்கவைத்து, புதிதாய்த் தைத்து வந்த பஞ்சு மெத்தையில் குப்புறக் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். நிமிர்த்திக் கிடத்தினால் புரைக்கேறும் என்று சொல்லிக் குப்புறக் கிடத்தப் பழக்கினவர்கள் நாங்கள்தான். ஒரு மணித்தியாலம் இருக்கும். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்திருக்கிறாள்.

மோட்டார் சைக்கிளில் நான்தான் கொண்டு ஓடினேன். மெத்தை உறையில் இருந்த புது நீலத்தின் மணம் இன்னும் தெரியும்.

திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து கேட்டார்: எப்படிக் கிடத்தினீர்கள், எதில் கிடத்தினீர்கள், வீட்டில் யார் புகைக்கிறது, தடிமன் காய்ச்சல் இருந்ததா. உடற்கூற்றுப் பரிசோதனை நடந்தது. எங்களுக்கு அந்த நேரம் எதுவும் காதில் ஏறவில்லை. பிள்ளையின் மூக்கடியில் பால் இருந்ததை எல்லாரும் பார்த்தோம். பேப்பரில் ஒரு மூலையில் ‘பால் புரைக்கேறி’ என்று வந்தது. ஊரும் அதையே சொன்னது.

அவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று யோசியுங்கள். உன் பால்தான் கொன்றது. இரண்டு வருடம் கழித்து அடுத்தது பிறந்தது. மார்பில் பிடிக்கக் கை நடுங்கும். போத்தலில் மாப்பால் கரைத்துக் கொடுத்தாள். கிளினிக்கில் ஏசினார்கள், ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு டொக்டர் உட்கார வைத்துச் சொன்னார். உயிர் போன பிறகு தசை தளரும்போது வயிற்றில் இருப்பது மேலே வரும், மூக்கடியில் பால் இருந்ததால் பால்தான் காரணம் என்று ஆகாது, எல்லாச் சோதனையும் செய்து ஒரு காரணமும் அகப்படாதபோது வைக்கிற பெயர்தான் திடீர் சிசு மரணம், இது அது. அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அண்ணை, அப்ப பால் இல்லைத்தானே?” என்று மட்டும் கேட்டாள். பஸ் வரும்வரை மூன்று தரம் கேட்டாள்.

குப்புறக் கிடத்தினதை அவளிடம் நான் இன்றுவரை எடுக்கவில்லை. எடுக்கப்போவதும் இல்லை. இங்கே எழுதுகிறேன், நீங்கள் திருப்பிக் கிடத்துவீர்கள் என்பதற்காக.

மல்லாவியான் (புதன், இரவு 11.02)

அண்ணை, மன்னியுங்கள். காலையில் பகிடியாய் எழுதிவிட்டேன்.

குளக்கட்டு (வியாழன், காலை 5.30)

முத்தையன்கட்டுத் தம்பி, உமது தங்கை அந்தக் காலத்தில் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தாள். நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் வாயாலும் பக்கவாட்டில் கிடத்து என்று சொல்லியிருக்கிறோம். எத்தனை வீட்டில் சொன்னேன் என்று கணக்கில்லை.

அவளுக்கு முடிந்தால் ஒன்று சொல்லும். தாய்ப்பால் கொல்வதில்லை, காக்கிறது. குறைந்தது இரண்டு மாதமாவது தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கு இந்த ஆபத்து ஏறத்தாழப் பாதி. ஒவ்வொரு முறை பேப்பரில் ‘பால் புரைக்கேறி’ என்று வரும்போதும் பத்து வீட்டில் பிள்ளையைக் கவிழ்த்துப் போடுகிறார்கள். அந்த நிருபருக்கு யார் சொல்வது?

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னேரம் பேரப்பிள்ளை வருகிறது.

வெக்கை. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்கு நாங்களே வேகிறோம். அந்த நேரம் பிள்ளைக்குத் தொப்பி, கைமேசு, கால்மேசு, மேலே துவாய். குளிர்ந்துவிடுமாம்! பிள்ளை சூட்டை விடுவது தலையாலும் முகத்தாலும்தான். நித்திரைக்குத் தொப்பி வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாரும், வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றும். கை கால் குளிர்வது கணக்கில்லை.

படுக்கை. பாய்தான் நல்லது, மெத்தைக்கு மேல் பாய் இல்லை, தரையில் பாய். அதில் ஒரு துணி, இறுக்கி விரித்தது. தலையணி ஒன்றும் வேண்டாம், கடுகுத் தலையணியும் வேண்டாம். கடையில் விற்கிற குடை மாதிரி விரிகிற நுளம்புவலை நல்லது, ஆனால் அதோடு வருகிற பஞ்சுத் தலையணியை எடுத்துவிடும். வலை பிள்ளையின் முகத்தில் தொங்கக்கூடாது.

தாய்க்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில், தன் பாயில். ஒரே அறை என்பது காவல். ஒரே பாய் என்று வந்தால் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு இடிக்கும். எங்கள் வீடுகளில் அதைத் தடுக்க முடியாது என்றும் தெரியும். குறைந்தது இதைப் பாரும்: குடித்துவிட்டு வந்த மனிசன், சுருட்டு பீடி பிடிக்கிறவர், நித்திரைக் குளிசை போட்டவர், இவர்கள் பிள்ளையோடு ஒரே படுக்கையில் வேண்டாம். 4 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை, குறைமாதப் பிள்ளை என்றால் யாருமே வேண்டாம். எல்லாவற்றிலும் மோசம் சோபா. பால் கொடுத்தபடி சோபாவில் கண்ணயர்ந்தால் பிள்ளை இடுக்கில் போய்விடும்.

மாமா விறாந்தையில் சுருட்டுப் பிடிக்கிறவராய் இருந்தால் வளவுக்கு அனுப்பும். வயிற்றில் இருக்கும்போதே தொடங்குகிறது அந்தப் புகையின் வேலை.

கனகராயன் ஆத்துப் பெட்டை (வியாழன், காலை 7.12)

மிஸ், சேலையில் கட்டித் தொங்கவிடுகிற ஏணை? எங்கள் வீட்டில் பகல் முழுக்க ஏணைதான். ஏணையில் குப்புறக் கிடக்கவே ஏலாதுதானே, அப்ப நல்லதில்லையா?

குளக்கட்டு (வியாழன், காலை 7.40)

நல்ல கேள்வி. நானும் ஏணையில் ஆடினவள்தான், அதனால் சொல்ல மனம் வருவதில்லை. ஏணைக்குள் பிள்ளை வில்லு மாதிரி வளைந்து கிடக்கும். கழுத்து உறுதியில்லாத பிள்ளைக்கு நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடிந்த குழாய் மாதிரி ஆகிவிடும். சத்தமே வராது. சீலையின் இரண்டு பக்கமும் முகத்தின் மேல் மூடும். நீர் அடுப்படியில் நின்று பார்த்தால் ஏணைதான் தெரியும், பிள்ளை தெரியாது.

கண்ணுக்கு முன்னால் வைத்து ஆட்டி, கண் அயர்ந்ததும் பாயில் எடுத்துக் கிடத்தும். பிள்ளை விழித்து அழும், தெரியும். திரும்ப ஆட்டும். அப்புறம், மூத்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வெறும் ஏணையைத் தொங்க விடாதீர்கள். ஊஞ்சலாடிச் சீலை கழுத்தில் சுற்றுப்பட்ட பிள்ளைகளின் செய்தி வருடத்துக்கு வருடம் வருகிறது.

மல்லாவியான் (வியாழன், காலை 8.15)

சரி, குப்புறக் கதையில் நான் தோற்றேன். ஆனால் ஒரு கேள்வி. என் மூத்தவனை மனிசி நிமிர்த்தியே கிடத்தினா, தலை பின்னால் சிரட்டையைக் கவிழ்த்து அமத்தின மாதிரி தட்டையாய்ப் போச்சு. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வேறு.

இரவு டியூட்டி (வியாழன், காலை 11.50)

தட்டைத் தலை வரும், பொய்யில்லை. பெரும்பாலும் பிள்ளை எழும்பி உட்காரத் தொடங்கியதும் சரியாகும். அதைக் குறைக்க வழி: விழித்திருக்கிற நேரம் குப்புறப் போடுங்கள்! ஓம், அதே குப்புறதான், ஆனால் முழித்திருக்கும்போது, நீங்கள் முன்னால் இருந்து கதைத்துக்கொண்டு. முதலில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு கூட்டுங்கள். மாமியிடம் இந்த வேலையைக் கொடுங்கள், அவவுக்கும் குப்புறப் போட்ட திருப்தி இருக்கும். பாயில் கிடத்தும்போது ஒரு நாள் தலை வாசல் பக்கம், அடுத்த நாள் மற்றப் பக்கம். பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தலையைத் திருப்பும்.

பிள்ளை நீலம் பாரித்து, துவண்டு, மூச்சில்லாமல் கிடந்தால் உலுப்ப வேண்டாம். உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள், அசைவில்லை என்றால் ஒருவர் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்க மற்றவர் மூச்சும் நெஞ்சழுத்தமும் கொடுக்கத் தொடங்க வேண்டும். எழுத்தில் பழக முடியாது. அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸைக் கேட்டுப் பொம்மையில் ஒரு தரம் செய்து பாருங்கள்.

வட்டக்கச்சிக்காரி (வெள்ளி, இரவு 9.30)

பப்பாசிக்காம்பு செய்து காட்டினேன். படிப்பிக்கிற குரல் வராமல் இருக்க, “மாமி, மிஸ் ஒண்டு சொன்னவ, எனக்கு விளங்கேல்லை, நீங்கள் பிடியுங்கோ” என்று அவவின் கையிலேயே கொடுத்தேன். மேல் காம்பு மூச்சு, கீழ்க் காம்பு பால். அவவே திருப்பினா. திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு சொல்லும் சொல்லவில்லை. காம்பை ஆட்டுக்குப் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டா.

முத்தையன்கட்டு அண்ணை எழுதியதை நான் அவவுக்கு வாசித்துக் காட்டவில்லை. இவருக்குக் காட்டினேன். இவர் எழும்பிப் போய்த் தலையணியை எடுத்து அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டு வந்தார்.

இரவில் இன்னும் திடுக்கிட்டு எழும்புகிறான். நேற்று ஐந்து தரம். எனக்குக் கண் எரிகிறது.

ஸ்காபரோ மச்சாள் (வெள்ளி, இரவு 11.15)

பகலில் மாமியிடம் கொடுத்துவிட்டு நீர் படுத்து நித்திரை கொள்ளும். இப்போது பயமில்லாமல் கொடுக்கலாம்தானே.

வட்டக்கச்சிக்காரி (மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20)

இழையைத் திரும்ப எழுப்புவதற்கு மன்னிக்கவும். மகனுக்கு இப்போது 5 மாதம். நேற்று இரவு நிமிர்த்திக் கிடத்தினேன், விடிய இரண்டு மணிக்குப் பார்த்தால் தானாகவே குப்புறப் புரண்டு கிடக்கிறான்! திருப்பினேன். பத்து நிமிடத்தில் திரும்பப் புரண்டுவிட்டான். இரவு முழுக்க நானும் அவனும் தோசை சுட்ட மாதிரித்தான். என்ன செய்ய?

குளக்கட்டு (ஞாயிறு, மாலை 5.05)

நிமிர்விலிருந்து குப்புறவும், குப்புறவிலிருந்து நிமிர்வும், இரண்டு பக்கமும் தானாகப் புரள்கிறானா? அப்படியென்றால் விடும். கிடத்தும்போது மட்டும் நிமிர்த்திக் கிடத்தும், ஒரு வயது வரைக்கும். பிறகு அவன் எடுக்கிற கிடை அவனுடையது. ஒரு பக்கம் மட்டும்தான் புரள்கிறான் என்றால் காணும்போது திருப்பிவிடும், பகலில் பாயில் மற்றப் பக்கத்தையும் பழக்கும். துணியால் சுற்றிக் கிடத்துகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தும், கை வெளியே இருந்தால்தான் திரும்புவான். பாயைச் சுற்றி ஒன்றும் இருக்கக்கூடாது.

வட்டக்கச்சிக்காரி (ஞாயிறு, மாலை 5.30)

இரண்டு பக்கமும் புரள்கிறான், அம்மா. இன்றைக்குக் காலையில் பாயை விட்டுச் சீமெந்துத் தரைக்கே போய்விட்டான்.

ஏணையையும் போன கிழமை அவிழ்த்துவிட்டோம். அது மாமியின் பச்சைச் சேலை. தோய்த்துக் காயப்போட்டு, இன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு முறிகண்டிக்குப் போயிருக்கிறா. நடுவில் ஆணி இழுத்த ஓட்டையைக் கொசுவத்துக்குள் மறைத்துவிட்டா.